அகச்சிவப்புப் படங்களும் ‘திருத்தம் கூடாது’ என்ற விதியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வாசகர்களின் ஒளிப்படங்களுக்கென ஒரு முழுப் பக்கம் ஒதுக்கப்போவதாக வந்த அறிவிப்பைக் கண்டு மகிழ்ந்தேன். அந்த அறிவிப்பின் கீழே இருந்த விதிகளுள் ஒன்று, கணினியிலோ கைப்பேசியிலோ எவ்விதத் திருத்தமும் செய்யப்படாத படங்கள் மட்டுமே ஏற்கப்படும் என்கிறது. கல்லூரி விழாக்களிலும் ஊர்ச் சங்கங்கள் நடத்தும் போட்டிகளிலும் இதே விதியை வரி மாறாமல் பல காலமாகப் பார்த்து வருகிறேன். பொய்ப் படம் உள்ளே வந்துவிடக் கூடாது என்ற நோக்கத்தில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. ஆனால் இந்த விதியால் பொய்ப் படம் தடுக்கப்படுவதில்லை என்பதையும், நேர்மையான இரண்டு வகைப் படங்கள் வாசலிலேயே நிறுத்தப்பட்டுவிடுகின்றன என்பதையும், அவ்விரண்டிலும் நெடுநாள் ஈடுபாடு கொண்டவன் என்ற முறையில் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். ஒன்று, கண்ணுக்குத் தெரியாத ஒளியைப் பதியும் அகச்சிவப்புப் படம். மற்றொன்று, பல படங்களைக் கணினியில் இணைத்து உலகில் இல்லாத ஒரு காட்சியை உருவாக்கும் மீயதார்த்தப் படம்.

முதலில் அகச்சிவப்பை எடுத்துக்கொள்கிறேன். நம் கண் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான அலைநீளங்களை மட்டுமே காண்கிறது. 1800-ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல், முப்பட்டகம் பிரித்துக் காட்டிய சூரிய ஒளியில், சிவப்புக்கு அப்பால் வெறும் இருட்டாகத் தெரிந்த இடத்தில் வெப்பமானியை வைத்து, அங்கே பாதரசம் ஏறுவதைக் கண்டார். அந்த இருட்டில் உள்ள ஒளியைக் கொண்டு நிலக்காட்சிகளைப் படமெடுத்து 1910-இல் வெளியிட்டவர் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வில்லியம்ஸ் வுட். அவர் படங்களில் வானம் கறுத்தும் மரங்கள் வெளுத்தும் இருந்தன. இலைகள் இப்படி வெளுப்பதை இன்றும் வுட் விளைவு என்றே அழைக்கிறார்கள்.

இலை ஏன் வெளுக்கிறது என்பதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அகச்சிவப்பு என்றதும் வெப்பத்தைப் படமெடுப்பதாகவும், இலை சூடாக இருப்பதால் வெள்ளையாகத் தெரிவதாகவும் எண்ணுகிறார்கள். உடல் வெப்பத்தைக் காட்டும் கருவிகள் இதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் நீண்ட அலைகளைப் பதிபவை; அவை முற்றிலும் வேறு இனம். நாம் பேசுவது சிவப்பை அடுத்து, 700-க்கும் 1000-க்கும் இடைப்பட்ட நானோமீட்டர்களில் உள்ள சூரிய ஒளியை. பச்சையம் தன் வேலைக்கு நீலத்தையும் சிவப்பையும் எடுத்துக்கொள்கிறது. அதற்கு அப்பால் உள்ள ஒளியை அது தடுப்பதே இல்லை. அப்படி உள்ளே நுழையும் ஒளி, இலைக்குள் செல்களுக்கும் காற்றிடைவெளிகளுக்கும் நடுவே பலமுறை சிதறிப் பெருமளவு வெளியே திரும்பி வருகிறது. நீல ஒளியைப் போல இந்த ஒளி காற்றில் அதிகம் சிதறுவதில்லை என்பதால், தெளிந்த வானம் ஏறக்குறையக் கறுப்பாகவும், அதில் மேகங்கள் மட்டும் வெள்ளையாகவும் பதிகின்றன. இவற்றில் எதுவும் படமெடுப்பவரின் கற்பனை கிடையாது. நாம் காணவில்லையே தவிர, அந்த ஒளி நம் முற்றத்து வேப்பமரத்தின் மீதும் நாள்தோறும் பட்டுத் தெறித்துக்கொண்டுதான் இருக்கிறது. நம்பாதவர்கள் தொலைக்காட்சி ரிமோட்டின் முனையைக் கைப்பேசிக் கேமராவுக்கு நேராகக் காட்டி ஒரு பொத்தானை அழுத்திப் பார்க்கலாம். பல கைப்பேசிகளில், குறிப்பாக முன்பக்கக் கேமராவில், வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒரு விளக்கு ஊதா நிறத்தில் மினுக்குவது தெரியும்.

டிஜிட்டல் கேமராவில் ஒளியைப் பதியும் சென்சாருக்கு இந்த ஒளி இயல்பாகவே தெரியும். நிறங்கள் கெட்டுப்போகும் என்பதற்காகத் தயாரிப்பாளர்களே சென்சாருக்கு முன்னால் ஒரு தடுப்புக் கண்ணாடியைப் பொருத்தி அதை மறைத்துவிடுகிறார்கள். ஆகவே அகச்சிவப்பில் எடுக்க விரும்புவோருக்கு வழி இரண்டு. லென்சுக்கு முன்னால் 720 நானோமீட்டருக்குக் குறைந்த ஒளியை எல்லாம் தடுக்கும் கறுப்பு ஃபில்டர் ஒன்றை மாட்டி, உள்ளே கசியும் சிறிதளவு ஒளிக்காகக் கேமராவை ட்ரைபாடில் நிறுத்தி, ஒரு படத்துக்குப் பல விநாடிகள் காத்திருக்கலாம். காற்றடித்தால் தென்னங்கீற்றெல்லாம் பஞ்சாகக் கலைந்து பதியும். அல்லது பழைய கேமரா ஒன்றைக் கைதேர்ந்த மெக்கானிக்கிடம் கொடுத்து, அந்தத் தடுப்புக் கண்ணாடியை எடுத்துவிட்டு அகச்சிவப்புக் கண்ணாடியை நிரந்தரமாகப் பொருத்திக்கொள்ளலாம். பிறகு சாதாரணக் கேமராபோல் கையில் வைத்தே எடுக்க முடியும். ஆனால் அந்தக் கேமரா அதற்கப்புறம் கல்யாண வீட்டுக்கு உதவாது.

இனி, தங்கள் விதி இடிக்கும் இடத்துக்கு வருகிறேன். அகச்சிவப்புக் கேமரா தரும் மூலக் கோப்பைக் கணினியில் திறந்தால், படம் முழுவதும் குருதியில் தோய்த்தெடுத்ததைப் போலச் சிவந்து கிடக்கும். வானம், மரம், கோபுரம் எல்லாம் ஒரே சிவப்பின் கூடுதல் குறைவுகளே. காரணம் எளிது: சென்சாரின் மேலுள்ள சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்காகச் செய்யப்பட்டவை, 720-ஐ ஒட்டிய ஒளியை அவற்றுள் சிவப்பு வடிகட்டியே மிகுதியாக உள்ளே விடுகிறது. அந்தச் சிவப்புப் படத்தில் ஓர் இலையையோ புல்லையோ தொட்டு, இதுதான் வெள்ளை என்று ஒயிட் பேலன்சைச் சரிசெய்தால், இலைகள் வெளிறி இலேசான நீலச் சாயலுக்கு வரும், வானம் செங்கல் நிறமாகும். பிறகு படத்தின் சிவப்புச் சேனலையும் நீலச் சேனலையும், அதாவது அந்தந்த நிறத்துக்கான தனிப் பதிவுகளை, ஒன்றின் இடத்தில் மற்றொன்றாக மாற்றினால் வானம் நீலமாகிறது, இலைகள் வெண்ணெய் நிறம் கொள்கின்றன. விரும்பினால் நிறத்தையே நீக்கிக் கறுப்பு வெள்ளையாக்கலாம். 850 நானோமீட்டர் ஃபில்டரில் எடுத்த படத்தில், மூன்று வடிகட்டிகளும் ஏறக்குறைய ஒரே அளவில் ஒளியை விட்டுவிடுவதால், மாற்றுவதற்கு நிறமே எஞ்சியிருப்பதில்லை. இந்த முடிவுகளில் எது உண்மையான நிறம் என்ற கேள்விக்கு விடை இல்லை, ஏனெனில் அந்த ஒளிக்கு மனிதக் கண் நிறம் எதையும் வைத்திருக்கவில்லை. திருத்தம் இல்லாத படம்தான் வேண்டும் என்று சொல்பவர் அந்தச் சிவப்புச் சேற்றைத்தான் கேட்கிறார் என்று ஆகிறது. அதுவும்கூடக் கேமராவுக்குள் இருக்கும் மென்பொருள் போட்டுக் கொடுத்த ஒரு நிறமே.

சாதாரணப் படங்களின் நிலையும் இதற்கு வெகுதூரமில்லை. இன்றைய கைப்பேசி ஒரு சொடுக்கில் பல படங்களை எடுத்து, நிழலை ஒன்றிலிருந்தும் வெளிச்சத்தை வேறொன்றிலிருந்தும் பொறுக்கிச் சேர்த்து, முகத்தை மெழுகி, வானத்துக்கு நீலம் ஏற்றிக் கொடுக்கிறது. தொட்டது மனிதக் கையா, கைப்பேசியின் சில்லா என்பது மட்டுமே வேறுபாடு. அதைத் திருத்தப்படாத படம் என்று தங்கள் விதி ஏற்றுக்கொள்கிறது.

திருத்தம் என்பது கணினியோடு வந்த புதுப் பழக்கமும் இல்லை. தஞ்சாவூரையும் மதுரையையும் 1858-இல் படமெடுத்த கேப்டன் லினேயஸ் டிரைப், சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராகப் பணியாற்றியவர்; ஆவணப்படுத்துவதே அவருக்கு இடப்பட்ட வேலை. அவர் பயன்படுத்திய காகித நெகட்டிவுகளின் பூச்சு நீல ஒளியை மட்டுமே நன்றாக உணரும், பச்சையை உணராது. ஆகவே வானம் மேகமின்றி வெற்றுத் தாளாகவும், மரங்கள் கரித்துண்டுகளாகவும் விழும். அகச்சிவப்புப் படத்தின் நேர் எதிர் என்று இதைச் சொல்லலாம். டிரைப் நெகட்டிவின் மேல் தூரிகையால் நிறமியிட்டு, மேகங்களை வருவித்து, இலைத்திரள்களுக்கு வெளிச்சம் கொடுத்தார். அதே மனிதர் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை வரிசையாக எடுத்து, 21 படங்களை ஒட்டிப் பத்தொன்பது அடிக்கும் மேல் நீளும் ஒரே படமாக்கினார். எந்த லென்சும் ஒரே பார்வையில் காண முடியாத அந்தக் காட்சி முழுக்க முழுக்க இணைப்புப் படம். அதைவிட நேர்மையான ஆவணத்தை நம் ஊரில் எடுத்தவர் அந்தக் காலத்தில் யாருமில்லை என்பேன். இன்று அவர் அந்த இரண்டையும் தங்கள் பக்கத்துக்கு அனுப்பினால் இரண்டும் திரும்பி வரும்.

அகச்சிவப்பின் பொய் நிறங்கள் உண்மையைக் கண்டுபிடிக்கப் பயன்பட்ட வரலாறும் நமக்கு அருகிலேயே இருக்கிறது. வானிலிருந்து நிலத்தை ஆராயும் தொலையுணர்வுத் துறைக்கு இந்தியாவில் தந்தை எனப் போற்றப்படும் பிஷாரத் ராம பிஷாரடி, 1970-ஐ ஒட்டிய காலத்தில் கேரளத்துத் தென்னந்தோப்புகளை ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்பு வண்ணப் ஃபிலிமில் படமெடுக்கச் செய்தார். கீழே நின்று பார்ப்பவர்கள் கண்டறிவதற்கு முன்பே, வேர்வாடல் நோய் கண்ட மரங்கள் அந்தப் படங்களில் நிறம் மாறித் தெரிந்தன. நலமுள்ள இலை சிவப்பாகவும் வாடத் தொடங்கிய இலை வேறு நிறமாகவும் காட்டும் அந்த ஃபிலிம், இரண்டாம் உலகப்போரின்போது உருமறைப்புகளைக் கண்டுபிடிப்பதற்காக உருவானது. பச்சை வண்ணம் பூசிய துணி கண்ணை ஏமாற்றும். உயிருள்ள இலையைப் போல அகச்சிவப்பைத் திருப்பியனுப்ப அதனால் முடியாது. இன்று நம் செயற்கைக்கோள்கள் அனுப்பும் பயிர் வரைபடங்களில் வயல்கள் செக்கச்செவேல் என்று இருப்பதும் இதே கணக்கில்தான். சாக்கடல் அருகே கிடைத்த பழங்கால ஏடுகளான சாக்கடல் சுருள்களில் தோல் கருத்து எழுத்து மறைந்துபோன பகுதிகளை 1950-களில் படித்துக்கொடுத்தவையும் அகச்சிவப்புப் படங்களே. நாள்பட்ட தோல் அந்த ஒளியில் வெளிறிவிடும். கரி மை மட்டும் கறுப்பாகவே நிற்கும்.

அந்தப் போர்க்கால ஃபிலிமையே ஒரு கலைஞர் எடுத்துக்கொண்டதும் நடந்தது. அயர்லாந்தைச் சேர்ந்த ரிச்சர்ட் மோஸ், கோடாக் நிறுவனம் தயாரிப்பை நிறுத்திவிட்ட ஏரோகுரோம் ஃபிலிமைக் கொண்டு கிழக்குக் காங்கோவின் உள்நாட்டுப் போரைப் பதிவுசெய்தார். பச்சைக் குன்றுகள் ரோஜா நிறத்தில் மின்னிய அந்தப் படைப்பு, 2013-இல் வெனிஸ் கலைக் கண்காட்சியில் அயர்லாந்தின் அரங்கில் வைக்கப்பட்டது. துயரத்தை அழகுபடுத்துகிறார் என்று அவரைக் குறை கூறியவர்கள் உண்டு. அந்தக் குறையில் ஓரளவு நியாயம் இருப்பதாகவே எனக்கும் படுகிறது. ஆனால் அவர் ஏமாற்றினார் என்று எவரும் சொல்லவில்லை, ஏனெனில் என்ன ஃபிலிமில், எதற்காக எடுத்தார் என்பதை முதல் நாளிலிருந்தே கூறிவந்தார்.

நம் ஊருக்கு இந்தக் கலை மிகவும் பொருந்தும் என்பதையும் இடையில் சொல்லிவிடுகிறேன். மற்ற ஒளிப்படக்காரர்கள் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு நிழல் தேடும் உச்சிவெயில்தான் இதற்கு நல்ல நேரம். கங்கைகொண்ட சோழபுரத்தில் சித்திரை மாதத்து நண்பகலில் நின்று பார்த்தால், கண்ணுக்கு எல்லாமே வெளிறி, கல்லும் புல்லும் வானமும் ஒரே கூச்சமாகத் தெரியும். அகச்சிவப்பில் அதே காட்சி தலைகீழாகிறது. கோயிலைச் சுற்றியுள்ள புல்வெளி விரித்த உப்பளம்போல வெளுக்கிறது; அதன்மேல் விமானம் சாம்பல் நிறத்தில், ஒவ்வொரு தளத்தின் நிழலும் தனித்தனியாகத் தெரியும்படி எழுந்து நிற்கிறது; பின்னால் வானம் இருள்கிறது. சுற்றுச்சுவர் ஓரமாக நடந்து செல்பவரின் கறுப்புச் சட்டை, சாயத்தைப் பொறுத்து, சில நேரம் வெள்ளைச் சட்டையாகிவிடும். வெயிலுக்கு வாங்கிக் குடிக்கும் கோலா பாட்டிலையும் கூடவே எடுத்துப் பார்த்தால், உள்ளே இருக்கும் கறுப்பு பானம் ஏறக்குறையத் தண்ணீர்போலத் தெளிந்து தெரியும். இவை எவற்றையும் போட்டோஷாப்பில் செய்வதில்லை; செய்ய வேண்டிய தேவையும் இல்லை. கைப்பேசிச் செயலிகளில் ‘இன்ஃப்ராரெட் எஃபெக்ட்’ என்று கிடைப்பது வேறு: அது பச்சையாகத் தெரியும் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு வெள்ளையாக்கும், இலையோடு சேர்ந்து பச்சைப் பெயின்ட் அடித்த இரும்புக் கேட்டும் வெளுத்துவிடும். கறுப்புச் சட்டையோ கறுப்பாகவே இருக்கும். படத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் இந்த இரண்டு இடங்களைப் பார்த்தாலே பல போலிகள் பிடிபட்டுவிடும்.

அடுத்து மீயதார்த்தப் படங்கள். இவற்றின்மீது நம்மவர்களுக்கு உள்ள அவநம்பிக்கை எனக்குச் சற்று வியப்பாகவே இருக்கிறது. கணவரின் பழைய படத்தையும் மனைவியின் இன்றைய படத்தையும் ஒரே சட்டத்துக்குள் அருகருகே உட்காரவைத்து, கறுப்பு வெள்ளைக்குக் கையால் வண்ணம் தீட்டிக் கொடுத்த ஸ்டுடியோக்கள் நம் ஒவ்வொரு ஊரிலும் இருந்தன. அந்தப் படங்களுக்கு முன்னால் விளக்கேற்றிய எவரும் அவற்றைப் பொய் என்று சொன்னதில்லை. பிறகு வந்த கல்யாண ஆல்பங்களில் மணமக்கள் தாமரைக்குள் நின்றார்கள், மேகத்தில் மிதந்தார்கள், பாஸ்போர்ட் இல்லாமலே ஈபிள் கோபுரத்தடியில் கைகோத்தார்கள். அவற்றின் அழகு பற்றி எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. அவை யாரையும் ஏமாற்றவில்லை என்பதில் இல்லை.

மேலை நாட்டிலும் இது ஒளிப்படக் கலையின் தொடக்க காலத்திலேயே தோன்றியது. ஆஸ்கர் ரெய்லாண்டர் 1857-இல் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவுகளை இணைத்து ஒரே பெரும்படமாக்கி மான்செஸ்டரில் காட்சிக்கு வைத்தார். அப்போதும் இது கலையா மோசடியா என்று சண்டை எழுந்தது. அமெரிக்கரான ஜெர்ரி யுல்ஸ்மன் இருட்டறையில், நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் பதிக்கும் என்லார்ஜர்கள் பலவற்றை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றிலும் ஒரு நெகட்டிவை வைத்து, ஒரே தாளை ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நகர்த்தி ஒளிபாய்ச்சினார். வேரோடு வானில் மிதக்கும் மரங்களையும், கூரைக்குப் பதில் மேகம் கவிந்த அறைகளையும் அவர் படைத்தது போட்டோஷாப் விற்பனைக்கு வந்த 1990-க்குப் பல பத்தாண்டுகள் முன்பு. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1967-இலேயே அவருக்குத் தனிக் கண்காட்சி நடத்தியது. 2022-இல் மறையும்வரை அவர் இருட்டறையைக் கைவிடவில்லை. இன்று கணினியில் படங்களை அடுக்கும் லேயர், வேண்டாத பகுதியை மறைக்கும் மாஸ்க் என்று நாம் செய்வதெல்லாம் அவர் தாளுக்கு மேல் கையை வைத்து ஒளியை மறைத்துச் செய்ததன் வசதியான வடிவமே.

வசதி என்றதும் பொத்தானை அழுத்தினால் முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. கொள்ளிடத்தில் தண்ணீர் வற்றி மணல் மட்டும் கிடக்கும் கோடையில், நட்டாற்றில் ஒரு படகு, நீர்மட்டம் இருந்திருக்க வேண்டிய உயரத்தில் அந்தரத்தில் மிதப்பதாக ஒரு படம் செய்தேன். ஆறும் படகும் வெவ்வேறு இடத்தில் எடுத்தவை. படகை வெட்டி எடுப்பது எளிய வேலை. அதை அங்கே நம்பும்படி நிறுத்துவது கடினம். ஆற்றை நின்ற உயரத்திலிருந்து எடுத்திருந்தால் படகையும் அதே உயரத்திலிருந்து எடுத்திருக்க வேண்டும். இல்லையேல் படகின் உட்புறம் தேவைக்கு மேல் தெரிந்து, தொடுவானத்தோடு பொருந்தாமல் நிற்கும். வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதே பக்கம் படகின் விலாவிலும் அடிக்க வேண்டும். எல்லாவற்றிலும் பாடுபடுத்துவது நிழல். மணலைத் தொடும் பொருளின் நிழலுக்கு விளிம்பு கூர்மையாக இருக்கும்; பொருள் தரையை விட்டு உயர உயர விளிம்பு மங்கிக்கொண்டே போகும். படகு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பார்ப்பவருக்குச் சொல்வது அந்த மங்கல்தான். அதற்காக ஒரு முறத்தை மணலுக்கு மேல் வெவ்வேறு உயரங்களில் பிடித்து, நிழலைத் தனியாகப் படமெடுத்து ஒப்பிட்டுச் சரிசெய்தேன். காற்று வரைந்த மணல் வரிகளின் மேல் நிழல் நெளிந்து விழ வேண்டும் என்பதால், அந்த லேயரை வரிகளுக்கேற்ப வளைக்கவும் வேண்டியிருந்தது. கடைசியாக, தெளிவாக இருந்த படகின் மேல் ஆற்றுப் படத்தில் உள்ள புள்ளிக்கலக்கத்தையும் சிறிது தூவினால்தான் இரண்டும் ஒரே காற்றில் இருப்பதாகத் தோன்றும். இந்தப் படத்தைப் பார்க்கும் ஒருவர், கொள்ளிடத்தில் படகு பறக்கிறது என்று நம்பப்போவதில்லை. தண்ணீர் எங்கே என்று கேட்பார். செய்தியாளர் எடுக்கும் வறண்ட ஆற்றின் படமும் அதையே கேட்கிறது என்றாலும், ஆண்டுதோறும் அதே படத்தைப் பார்த்துப் பார்த்து நாம் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம்.

ஏமாற்றுவது எது என்பதற்கு நான் அறிந்தவற்றுள் சிறந்த எடுத்துக்காட்டு மிகச் சிறிய ஒரு திருத்தம். நேஷனல் ஜியாகிரபிக் இதழின் 1982 பிப்ரவரி அட்டையில், கிசாவின் பிரமிடுகளைக் காட்டும் கிடைமட்டப் படத்தைச் செங்குத்தான அட்டைக்குள் அடக்குவதற்காக, கணினியின் உதவியால் ஒரு பிரமிடை இன்னொன்றின் அருகே சற்று நகர்த்திவிட்டார்கள். பறக்கும் படகோ தலைகீழ் மரமோ அதில் இல்லை. பார்த்த எவருக்கும் ஐயம் எழாத, உண்மைபோலவே தோன்றிய காட்சி. அதனால்தான் அது பெரும் சர்ச்சையானது. உள்ளதை உள்ளபடி காட்டும் இதழ் என்ற நம்பிக்கையில் வாங்கியவர்களிடம் சொல்லாமல் செய்தது அது. திருத்தத்தின் அளவுக்கும் பொய்யின் அளவுக்கும் தொடர்பில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. கூட்டத்துக்கு வராதவரின் தலையை ஒரு விழாப் படத்தில் ஒட்டுவதும், வெள்ளத்தில் முழங்காலளவு இருந்த நீரை இடுப்பளவாக்குவதும் எந்த மீயதார்த்தப் படத்தையும்விடக் கேடானவை. அதைவிட எளிதான வழியும் இருக்கிறது: ஒரு புள்ளியையும் தொடாமல், போன ஆண்டின் வெள்ளப் படத்தை இந்த ஆண்டுக்கு உரியதென்று போடலாம். தங்கள் விதி அதைத் தடையின்றி அனுமதிக்கும்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இந்த அச்சம் கூடியிருப்பதை உணர்கிறேன். 2023-இல் சோனி உலக ஒளிப்பட விருதுகளில் ஒரு பிரிவில் வென்ற ஜெர்மானியக் கலைஞர் போரிஸ் எல்டாக்சன், தன் படம் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்டது, ஒளிப்படத்தோடு அது போட்டியிடக் கூடாது என்று கூறி விருதை மறுத்தார். அவர் வரைந்த கோடு எனக்கும் ஏற்புடையது. என் படகு ஒரு கரையில் உண்மையாகவே கட்டிக்கிடந்தது, அதன் விலாவில் பட்ட வெயில் உண்மையான வெயில். சொற்களைத் தட்டச்சு செய்து பெற்ற படகு எங்கும் கட்டிக்கிடக்கவில்லை. இரண்டையும் ஒரே கூடையில் போட்டு எடிட் செய்தவை என்று ஒதுக்குவதால், கேமராவோடு வெயிலில் அலைபவர்தான் இழக்கிறார். (பொங்கல் சிறப்பிதழ்களில் ஆறு விரல்களோடு கரும்பு பிடித்து நிற்கும் குழந்தைகளின் படங்களை, யார் உருவாக்கியவை என்ற குறிப்பின்றி இப்போது பல இதழ்களில் பார்க்கிறோம் என்பதையும் இங்கே பணிவுடன் சொல்லிவைக்கிறேன்.)

அகச்சிவப்பை நான் கட்டுப்பாடின்றி ஆதரிப்பதாகவும் கொள்ள வேண்டாம். சில துணிகளின் வழியே இந்த ஒளி ஊடுருவும். 1998-இல் இரவிலும் பதியும் வசதியுள்ள சோனி வீடியோ கேமராக்களைப் பகலில் ஃபில்டரோடு பயன்படுத்தி ஆடைகளை ஊடுருவிப் பார்க்க முடிகிறது என்று தெரியவந்ததும், அந்நிறுவனம் கேமராக்களில் மாற்றம் செய்ய நேர்ந்தது. எனவே மனிதர்கள் அருகில் இருக்கும் அகச்சிவப்புப் படங்களை, படத்தில் உள்ளவரின் ஒப்புதல் இன்றி வெளியிடுவதில்லை என்று தாங்கள் தனியாகவே ஒரு விதி வைத்தால் அதை நான் முதலில் வரவேற்பேன்.

செய்திப் பக்கங்களுக்கு இப்போதுள்ள கடுமையான விதி அப்படியே இருக்கட்டும். இன்னும் கடுமையாக்கினாலும் நல்லது. ஞாயிறு இணைப்பின் வாசகர் பக்கத்துக்கு மட்டும், திருத்தம் கூடாது என்பதற்குப் பதிலாக, படம் எப்படி உருவானது என்பதை ஒரே வரியில் எழுதி அனுப்ப வேண்டும் என்று கேட்கலாம். ‘720 நானோமீட்டர் அகச்சிவப்பு, சேனல் மாற்றப்பட்டது’ என்றோ, ‘இரண்டு படங்களின் இணைப்பு, இரண்டும் அனுப்புநர் எடுத்தவை’ என்றோ அந்த வரி இருக்கும். அதைப் படத்தின் கீழே, எடுத்தவர் பெயருக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். கடைசிப் பக்கத்தின் மூலையில் பொடி எழுத்தில் போடுவதால் பயனில்லை. தேர்வான படங்களுக்கு மூலக் கோப்புகளையும் கேட்டு வாங்குங்கள். இணைப்புப் படமென்றால் ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். உண்மையாக எடுத்தவரிடம் அவை கட்டாயம் இருக்கும். செயற்கை நுண்ணறிவுப் படங்களை ஏற்பதா வேண்டாமா என்பது தங்கள் விருப்பம். ஏற்பதென்றால் வேறு தலைப்பில் வேறு பக்கத்தில் வரட்டும்.

கங்கைகொண்ட சோழபுரத்துப் படத்தின் சிவப்பு மூலக் கோப்பையும், அதிலிருந்து உருவான படத்தையும், கொள்ளிடத்துப் படகின் மூன்று துண்டுகளையும் தங்கள் இணைப்பின் மின்னஞ்சலுக்குத் தனியே அனுப்பியிருக்கிறேன். புதிய விதி வரும்வரை அவற்றைப் போட்டிக்கு வந்தவையாகக் கருத வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
கும்பகோணம்.